ஒரு போத்தல், பல வேலை: இயற்கைத் திரவ சவர்க்காரத்தை வீட்டில் பயன்படுத்துவது எப்படி?

ஜார்ஜ்டவுன் – 'கஸ்டைல்' என்ற பெயரில் விற்கப்படும் இயற்கைத் திரவ சவர்க்காரம் இப்போது பினாங்கில் பல வீடுகளின் அடுப்படிக்கு வந்துவிட்டது. பாத்திரம், தரை, துணி, உடம்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரு போத்தலே போதும் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவர்களில் சிலர் இதை வழக்கமான பாத்திரம் கழுவும் திரவம்போல் அப்படியே ஊற்றுகிறார்கள். போத்தல் பத்தே நாளில் காலியாகிறது. இன்னும் சிலர் கூடுதல் பளபளப்புக்கென்று வினிகரையும் கலக்கிறார்கள். அது தயிர்போல் திரிந்து, கழுவிய பாத்திரத்திலேயே பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது. காசு வீணானது என்ற கோபத்தில் மிச்சம் ஒரு மூலைக்குப் போய்விடுகிறது.

குறை பெரும்பாலும் சவர்க்காரத்தில் இல்லை, பயன்படுத்தும் முறையில்தான் இருக்கிறது. இது என்ன பொருள், எதற்கு எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும், எதனுடன் சேர்க்கக் கூடாது, எந்த வேலைக்கு இது போதாது என்ற நான்கும் தெரிந்தால் ஒரு போத்தல் மாதக்கணக்கில் வரும்.

சாம்பலும் உவர்மண்ணும்

பினாங்குத் தமிழர்களுக்கு 'வண்ணாந்துறை' என்ற பெயர் புதிதல்ல. ஆயர் ஈத்தாம் சாலையை ஒட்டி ஆற்றோரத்தில் இருக்கும் டோபி காட் பகுதியைப் பழைய ஆட்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஊரார் துணிகளை வாங்கிவந்து அங்கே வெளுத்துக் கொடுத்த தமிழ்க் குடும்பங்களின் தொழிலே அந்த இடத்துக்குப் பெயராக நின்றது.

சலவைத் தொழிலாளர்கள் தாய்நாட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண்ணில் இருப்பது காரம். துணியை அதில் முக்கி, வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்துத் துவைப்பார்கள். பாட்டிமார் எண்ணெய்ச் சட்டியை அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்ததிலும் இதே சூட்சுமம்தான் இருந்தது. சாம்பலில் காரம் உண்டு. அது சட்டியில் ஒட்டிய எண்ணெயோடு சேரும்போது, அந்த இடத்திலேயே கொஞ்சம் சவர்க்காரம் உண்டாகிறது. பொட்டாசியம் என்ற தனிமத்தின் பெயரே பானையில் காய்ச்சிய சாம்பலைக் குறிக்கும் 'பொட்டாஷ்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆக, இயற்கைத் திரவ சவர்க்காரம் புது நாகரிகம் அல்ல. பாட்டி அறிந்திருந்த அதே வேலையை அளந்து, காய்ச்சி, போத்தலில் அடைத்திருக்கிறார்கள்.

கஸ்டைல் என்றால் என்ன?

கஸ்டைல் என்பது ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதி. அங்கே மிருகக் கொழுப்பைத் தவிர்த்து ஆலிவ் எண்ணெயில் செய்த கட்டிச் சவர்க்காரம் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றது. கடலோரச் செடிகளின் சாம்பலில் சோடியம் மிகுதி என்பதால் அது கட்டியாக வந்தது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அதில் செய்தது குழைவாகவே நின்றது. இன்றும் கணக்கு அதேதான்: காஸ்டிக் சோடா சேர்த்தால் கட்டிச் சவர்க்காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் திரவ சவர்க்காரம்.

காலப்போக்கில் கஸ்டைல் என்ற சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. ஆலிவ் எண்ணெய் மட்டுமின்றி, தாவர எண்ணெய் எதில் செய்தாலும் இப்போது அப்படித்தான் அழைக்கிறார்கள். உலகெங்கும் இந்தத் திரவத்தைப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் எமானுவேல் புரோன்னர். ஜெர்மனியில் 1908இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர் தொடங்கிய 'டாக்டர் புரோன்னர்ஸ்' நிறுவனம் இன்றும் நடக்கிறது.

எண்ணெயும் காரமும் சேர்ந்து வேதிமாற்றம் அடைந்தால் சவர்க்காரமும் கிளிசரினும் கிடைக்கும். சரியாகச் செய்த சவர்க்காரத்தில் எரிக்கும் காரம் தனியாக மிஞ்சாது. என்றாலும் அதன் இயல்பு காரத்தன்மைதான். அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும். மனிதத் தோலின் மேற்பரப்போ ஏறக்குறைய 5 என்ற அளவில் சற்றே அமிலமாக இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எச்சரிக்கைகள் எளிதில் புரியும்.

செம்பனை, தேங்காய், துறைமுகம்

சவர்க்காரத்துக்கு வேண்டிய எண்ணெய்களுக்கும் தோட்டத் தமிழர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலேசியாவில் வணிக அளவிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. செம்பனைப் பழத்தின் சதையில் எடுக்கும் எண்ணெய் சவர்க்காரத்துக்குத் திடம் தருகிறது. கொட்டையில் எடுக்கும் எண்ணெய், தேங்காய் எண்ணெயைப்போல் நுரை தருகிறது. தோட்டத்துப் பாட்டாளி வெட்டித் தள்ளிய குலைதான் பல கை மாறி, குளியலறைச் சவர்க்காரமாக அவர் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

சாதாரணச் சவர்க்காரம் கடல்நீரில் நுரைக்காமல் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் செய்தது மட்டும் உப்பு நீரிலும் ஓரளவு நுரைக்கும். அதனால் கப்பல்களில் கடல்நீரில் குளிக்கவும் துவைக்கவும் மாலுமிகள் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைத்தான் வைத்திருந்தார்கள். 'கடல் சோப்' என்றே அதற்குப் பெயர். தண்ணீரின் தன்மை சவர்க்காரத்தை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

பினாங்கில் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்று நீரும் அணைக்கட்டு நீரும்தான். பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும் கைகொடுக்கின்றன. இப்படிப்பட்ட நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. சவர்க்காரம் நன்றாக வேலை செய்ய இது ஏற்ற தண்ணீர். சுண்ணாம்பு மலைப் பகுதிகளிலும், கிணற்று நீர் அல்லது குழாய்க் கிணற்று நீர் பயன்படுத்தும் தோட்டங்களிலும் நிலைமை வேறாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. ஒரு தெளிவான போத்தலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பத்துச் சொட்டுத் திரவ சவர்க்காரம் விட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். மேலே நுரை நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை இல்லாமல் தண்ணீர் பால்போல் கலங்கினால் அது கடின நீர். கடின நீரில் துணி துவைக்கும்போது ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா சேர்த்தால் பலன் கூடும்.

எதற்கு எவ்வளவு?

கடையில் வாங்கும் நல்ல திரவ சவர்க்காரம் அடர்த்தியானது. அதை அப்படியே பயன்படுத்த வேண்டிய வேலை மிகச் சிலவே. கீழே உள்ள அளவில் தொடங்கி, அவரவர் வீட்டுத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டி என்பது 15 மில்லிலிட்டர்.

- கை கழுவ (நுரை தரும் பம்ப் போத்தல்): 1 பங்கு சவர்க்காரம், 3 பங்கு தண்ணீர்.
- பாத்திரம் கழுவ: 1 பங்கு சவர்க்காரம், 10 பங்கு தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்றால் வெந்நீர்.
- அடுப்பு மேடை, மேசை துடைக்க: அரை லிட்டர் தெளிப்பான் போத்தலில் 2 மேசைக்கரண்டி.
- தரை துடைக்க: 5 லிட்டர் வாளித் தண்ணீரில் 3 மேசைக்கரண்டி.
- கண்ணாடி துடைக்க: 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி. பிறகு வெறும் ஈரத்துணி, அதன்பின் உலர்ந்த துணி.
- மேலே மூடி உள்ள துணி துவைக்கும் இயந்திரம், ஒரு முறை நிறைய: 5 முதல் 8 மேசைக்கரண்டி.
- செடிகளில் பூச்சிக்குத் தெளிக்க: 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி.

கலக்கும்போது முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதன்மேல் சவர்க்காரத்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் போத்தல் முழுக்க நுரைதான் நிற்கும்.

அடுப்படியிலும் பூசையறையிலும்

வடச்சட்டி, குழம்புச் சட்டி போன்றவற்றில் ஒட்டிய எண்ணெய்க்கு வெந்நீரும் சவர்க்காரமும் நல்ல கூட்டு. முதலில் பழைய தாளால் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுக் கழுவினால் சவர்க்காரம் பாதிதான் செலவாகும். குழாயும் அடைக்காது. இரும்புத் தோசைக்கல்லைச் சவர்க்கார நீரில் ஊற வைக்கக் கூடாது. பழகிய எண்ணெய்ப் பூச்சு போய், அடுத்த தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அம்மி, ஆட்டுக்கல் போன்றவை சவர்க்காரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்குத் தண்ணீரும் தூரிகையுமே போதும். காய்கறி, பழங்களைக் கழுவவும் ஓடும் தண்ணீரே சரி.

குத்துவிளக்கு விஷயத்தில் வரிசை முக்கியம். விளக்கில் இருப்பது இரண்டு வகை அழுக்கு. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கும் கரியும், மற்றொன்று பித்தளையில் ஏறிய களிம்பு. எண்ணெயைச் சவர்க்காரம்தான் எடுக்கும், களிம்பைப் புளிதான் எடுக்கும். ஆகவே முதலில் வெந்நீரில் சவர்க்காரம் கலந்து விளக்கைப் பத்து நிமிடம் ஊற வைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் முழுக்க அலசிவிட்டுப் புளியால் துலக்கி, மறுபடி அலசி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் தேய்த்தால் புளியின் அமிலம் சவர்க்காரத்தைக் கெடுத்துவிடும். புளியும் வீண், சவர்க்காரமும் வீண்.

தரை, அஞ்சடி, துணி

பளிங்குத் தரையில் வினிகர், எலுமிச்சை போன்ற அமிலங்கள் பட்டால் பளபளப்பு மங்கும். சவர்க்கார நீர் அப்படி அரிக்காது. ஆனால் அளவு கூடினால் மெல்லிய படலம் தங்கித் தரை வழுக்கும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் சவர்க்கார நீரில் துடைத்தபின் வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைப்பது அவசியம். கடைவீட்டு அஞ்சடி, சிமெண்டுத் தரை போன்ற இடங்களில் வாளித் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிடலாம்.

துணியில் தினசரி வேர்வை அழுக்குக்கு இது போதுமானது. குழந்தைத் துணிக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். துண்டுகள் நாளாவட்டத்தில் விறைத்து, தண்ணீரை உறிஞ்சாமல் போனால் சவர்க்காரப் படலம் தங்கிவிட்டது என்று பொருள். சவர்க்காரம் முழுதும் அலசிப் போன பிறகு, கடைசி அலசலில் மட்டும் சிறிது வினிகர் சேர்த்தால் துண்டு பழைய நிலைக்குத் திரும்பும்.

உடம்புக்கும் தலைக்கும்

கை கழுவவும் குளிக்கவும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். குளிக்கும்போது ஈரத்துணியில் சில சொட்டுகளே போதும். கண்ணில் பட்டால் எரியும். 'இயற்கை' என்பதால் குழந்தையின் கண்ணுக்குக் கேடில்லை என்று நினைக்கக் கூடாது. தோல் வறட்சி, எக்சிமா போன்ற தொல்லை உள்ளவர்களுக்கு இதன் காரத்தன்மை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துவதே நல்லது.

தலைக்குத் தேய்த்தால் முடி சிலருக்குச் சிக்கு விழுந்து முரடாகும். சிகைக்காய் முடியை அப்படி ஆக்காததற்குக் காரணம், அது காரமாக இல்லாமல் இலேசான அமிலமாக இருப்பதுதான். தலைமுடியைப் பொறுத்தவரை பழைய சிகைக்காயை விட்டுவிட்டுக் கஸ்டைலுக்கு மாற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கறிவேப்பிலைச் செடிக்கு

அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகளிலும் தோட்ட வீட்டுக் கொல்லையிலும் மாவுப்பூச்சியும் அசுவினியும் பெரிய தொல்லை. பொட்டாசியம் சவர்க்கார நீர் மென்மையான உடல் கொண்ட இந்தப் பூச்சிகளின் மேற்பூச்சைக் கரைத்துக் கொல்லும். நீர் பூச்சியின் மேலேயே பட வேண்டும். காய்ந்தபின் அதற்குச் சக்தி இல்லை. ஆகவே இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும். முதலில் ஓர் இலையில் தெளித்து, ஒரு நாள் கழித்து இலை கருகவில்லை என்று தெரிந்தபின் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். கறிவேப்பிலை, மிளகாய், செம்பருத்திக்கு இந்த முறை உதவும். சமைப்பதற்கு முன் இலையை நன்றாக அலச வேண்டும்.

எதனுடன் சேர்க்கக் கூடாது?

வினிகர், எலுமிச்சைச் சாறு, புளி எல்லாமே அமிலம். சவர்க்காரம் காரம். இரண்டும் ஒரே போத்தலில் சேர்ந்தால் சவர்க்காரம் உடைந்து மறுபடி கொழுப்பாக மாறிவிடும். வெள்ளையாகத் திரிந்து மிதப்பது அந்தக் கொழுப்புதான். 'இரண்டும் நல்லது, சேர்த்தால் இன்னும் நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது.

பினாங்கில் பல வீடுகளில் செய்யும் 'என்சைம்' திரவத்துக்கும் இதே விதிதான். 1 பங்கு சர்க்கரை, 3 பங்கு பழத்தோல், 10 பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் நொதிக்க வைக்கும் இந்த முறை தாய்லாந்தில் தொடங்கியது. அதை இங்கே பரப்பியவர்களில் பினாங்கின் டாக்டர் ஜோயன் ஊன் குறிப்பிடத்தக்கவர். நொதித்த அந்தத் திரவம் புளிப்பானது, அதாவது அமிலம். கழிவறைக் கறைக்கும் குழாய்ப் படிவுக்கும் என்சைம், எண்ணெய்க்கும் அழுக்குக்கும் சவர்க்காரம் என்று பிரித்து வைத்துக்கொள்வதே சரி.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பிளீச் திரவத்தை வினிகருடனோ வேறு அமிலத்துடனோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுவாயுவான குளோரின் வெளியாகும். காற்றோட்டம் இல்லாத சின்னக் குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

எங்கே இது போதாது?

சவர்க்காரம் கிருமியைத் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும். கொரோனா கிருமியைப்போல் கொழுப்புறை உள்ள கிருமிகளை உடைக்கவும் செய்யும். ஆனால் கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிக்கு அந்த உறை கிடையாது. வீட்டுக் குழந்தைக்கு அந்த நோய் வந்திருந்தால் கை கழுவச் சவர்க்காரம் வேண்டும். பொம்மை, கதவுப் பிடி, தரை ஆகியவற்றைச் சவர்க்காரத்தால் கழுவி அலசியபின், லேபிளில் சொன்ன அளவில் பிளீச் கலந்த தண்ணீரால் துடைக்கவும் வேண்டும். எலி மூத்திரம் பட்ட இடம், வெள்ளம் வடிந்த வீடு ஆகியவற்றுக்கும் கிருமிநாசினி தேவை. இயற்கைப் பொருள் மட்டுமே போதும் என்று இந்த நேரத்தில் பிடிவாதம் பிடிப்பது நல்லதல்ல.

தோட்டத்தில் மருந்தடிக்கும் தொழிலாளர்களின் உடுப்பு இன்னொரு விஷயம். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. என்றாலும் மற்ற களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் தோட்டங்களில் புழக்கத்தில் உள்ளன. மருந்து பட்ட உடுப்புக்கு மென்மையான இயற்கைச் சவர்க்காரம் ஏற்றதல்ல. கையுறை போட்டுக்கொண்டு அதைத் தனியாக எடுத்து, முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு வெந்நீரும் வலுவான சலவைத்தூளும் கொண்டு துவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். பிள்ளைகளின் துணியோடு சேர்க்கவே கூடாது. இயந்திரத்தில் துவைத்திருந்தால் அடுத்த துணியைப் போடும் முன் ஒருமுறை வெறுமனே ஓடவிட வேண்டும். கலக்காத மருந்து கொட்டி ஊறிய உடுப்பைத் துவைக்க முயலாமல் அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு.

வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் இது ரசம் வைப்பதுபோல் கண்ணளவில் செய்யும் வேலை அல்ல. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் எரித்துவிடும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் அது தேவைப்படும் அளவு வேறுபடும். 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.257 கிராம், செம்பனை எண்ணெய்க்கு 0.199 கிராம், ஆலிவ் எண்ணெய்க்கு 0.19 கிராம் வேண்டும். எண்ணெயை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே காரத்தைப் போட்டால், ஒன்று எண்ணெய் மிஞ்சும், இல்லையேல் எரிக்கும் காரம் மிஞ்சும். இரண்டாவது நடந்தால் கை வெந்துபோகும்.

உதாரணத்துக்கு 500 கிராம் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். தேவையான தூய காரம் 128 கிராம். காரம் மிஞ்சாமல் இருக்க அதில் 3 விழுக்காட்டைக் குறைத்தால் 124 கிராம் சொச்சம். கடையில் கிடைக்கும் காரம் 90 விழுக்காடு தூய்மையானது என்றால் நிறுத்தெடுக்க வேண்டியது சுமார் 138 கிராம். அதைக் கரைக்க 415 கிராம் தண்ணீர் வேண்டும். காரத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இந்தக் கரைசலை இளஞ்சூடான எண்ணெயில் ஊற்றிக் கெட்டியாகும் வரை கலக்கி, மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வேக வைத்தால் பசைபோன்ற சவர்க்காரம் கிடைக்கும். அதில் கொஞ்சம் எடுத்து இரு மடங்கு கொதிநீரில் கரைத்துப் பார்க்கும்போது தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது என்று பொருள். பிறகு தண்ணீர் சேர்த்துக் கரைத்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வரும்.

பாத்திரம் எவர்சில்வராகவே இருக்க வேண்டும். அலுமினியச் சட்டியைக் காரம் அரித்துத் தீப்பிடிக்கும் வாயுவை உண்டாக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். காரம் தோலில் பட்டால் வினிகரைத் தேடிக்கொண்டிருக்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சின்னப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பொரித்த எண்ணெயிலும் செய்யலாம். வடிகட்டினாலும் வாசம் முழுதாகப் போகாது. நெத்திலி பொரித்த எண்ணெயில் செய்ததைத் தரைக்கும் அஞ்சடிக்கும் வைத்துக்கொள்வது உத்தமம்.

வாங்குவோரும் விற்போரும் கவனிக்க

'இயற்கை' என்று லேபிளில் போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. சேர்மானப் பட்டியலில் பொட்டாசியம் கோகோவேட், பொட்டாசியம் ஒலிவேட் போன்ற பெயர்களோ, காரம் சேர்த்து மாற்றிய எண்ணெய் என்ற குறிப்போ இருந்தால் அது சவர்க்காரம். சோடியம் லாரெத் சல்ஃபேட் என்று இருந்தால் அது செயற்கைச் சலவைப்பொருள். அது கெட்டது என்று பொருளல்ல, ஆனால் கஸ்டைல் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டுப் பொருள்களில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு வாங்கும் பழக்கத்தைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டாக வலியுறுத்தி வந்திருக்கிறது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019 மே மாதம் காலமான எஸ்.எம். முகமது இட்ரிஸ் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்.

உடம்பில் பூசும் சவர்க்காரத்தைச் செய்து விற்க நினைக்கும் குடும்ப மாதர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் அழகுசாதனப் பொருள்களை விற்குமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவித்து எண் பெற வேண்டும். 'என்.ஓ.டி.' என்ற எழுத்துகளில் தொடங்கும் அந்த எண்ணை வாங்குபவரும் பார்த்து வாங்கலாம்.

பத்திரப்படுத்துவது

அடர்த்தியான சவர்க்காரம் எளிதில் கெடாது. தண்ணீர் கலந்தது பினாங்கின் வெக்கையில் கெடும். ஆகவே ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். கொதித்து ஆறிய நீர் நல்லது. நாற்றம் மாறினாலோ கலங்கினாலோ கொட்டிவிட வேண்டும். பழையதன் மேல் புதியதை ஊற்றாமல் போத்தலைக் கழுவி உலர்த்தி நிரப்ப வேண்டும்.

தண்ணீர் போத்தலிலோ குளிர்பானப் போத்தலிலோ ஊற்றி வைப்பதை அறவே விட்டுவிட வேண்டும். பொன்னிறத்தில் இருக்கும் திரவத்தைப் பழச்சாறு என்று பிள்ளை குடித்துவிடும். சமையல் எண்ணெய் என்று நினைத்துப் பாட்டியே சட்டியில் ஊற்றிவிடவும் கூடும். போத்தலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற இலவச எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். மூச்சுத் திணறல், மயக்கம் போன்ற நிலையில் உடனே 999.

கடைசியாக ஒன்று. தாவர எண்ணெய்ச் சவர்க்காரம் மண்ணில் விரைவாகச் சிதையும் என்பது உண்மைதான். சிதையும் முன் அது மீனுக்குக் கேடு என்பதும் உண்மை. அஞ்சடிக் கால்வாயில் ஊற்றுவது பினாங்கு ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும்தான் போகிறது. ஒரு கரண்டி போதும் என்கிற இடத்தில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டால் வீட்டுக் காசும் மிஞ்சும், ஆற்றுக்கும் பாரம் குறையும்.